அலகு இல்லாத பதினெட்டு

இளமையில் செய்த மடமைகளை எழுத உட்காருவோருக்கு ஒரு வசதி உண்டு. பழியையெல்லாம் இளமையின் தலையில் ஏற்றிவிட்டு, தாம் ஒதுங்கி நின்று சிரிக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை. நான் எழுதப்போகும் சம்பவம் நிகழ்ந்தபோது எனக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்து மூன்று ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் நான். விடையின் முடிவில் அலகு எழுதாத மாணவனிடம், "பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறாயே, பன்னிரண்டு என்ன? பன்னிரண்டு மீட்டரா, பன்னிரண்டு வாழைக்காயா?" என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி வினவி, இரக்கமின்றி அரை மதிப்பெண் குறைத்தவன். (அந்த அரை மதிப்பெண்ணை வாசகர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.)

ஓய்வுபெற்ற மறு ஆண்டே, பாகூருக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு தனியார் பள்ளி என்னை முதல்வராக அழைத்தது. முத்தியால்பேட்டையில் உள்ள என் வீட்டிலிருந்து அங்கே இருபத்தாறு கிலோமீட்டர். போக, வர ஐம்பத்திரண்டு. ஆசிரியர்களுக்குப் பள்ளி வேன் உண்டு. முதல் இரண்டு மாதம் நானும் அதில்தான் போனேன். ஆனால் முதல்வர் என்பவர், பதினோரு சாப்பாட்டுப் பைகளைத் தாண்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, முதுகுப்புறம் முன்னால் தெரியும்படி ஒரு வேனிலிருந்து இறங்குவது அந்தப் பதவிக்கு உகந்ததன்று என்பது என் கருத்து. அப்படி நான் இறங்குவதை மாணவர்கள் தினமும் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

இந்த நேரத்தில்தான் என் மைத்துனர் அந்துவானின் கார் விலைக்கு வந்தது.

அந்துவான் என் மனைவி தெரேசின் அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து, ஓய்வூதியத்தோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர்; எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. மகள் வீட்டோடு இருப்பதற்காக மறுபடியும் பிரான்சுக்கே போவதென்று முடிவு செய்திருந்தார். அவருடைய கார் ஆயிரத்தெண்ணூறு சி.சி. பெட்ரோல் எஞ்சின் கொண்டது. கருநீல நிறம். கதவைச் சாத்தினால் தேவாலயக் கதவைச் சாத்தியதுபோல் ஒரு கம்பீரமான ஒலி கேட்கும். அந்த ஒலிக்காகவே வாங்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வெளியே சொல்லவில்லை.

பிரிவு விருந்துக்கு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். தெரேஸ் தொடக்கத்திலேயே எதிர்த்தாள்.

"இந்த யானைய நம்ம வீட்ல கட்டி யாருங்க தீனி போடுறது? தெனம் அம்பது கிலோமீட்டர் ஓட்டணும். பேசாம சின்னதா ஒண்ணு வாங்குங்க."

அந்துவான் சிரித்தார். "தெரேஸ், நீ பயப்படாத. பெரிய எஞ்சின்தான், ஆனா கிராமத்து ரோட்ல அமைதியா ஓட்டினா ஏழுதான் ஆவும். ஏழு! வுவாலா!" என்று விரல்களைக் குவித்து முத்தமிட்டு, ஏதோ பரிசு வாங்கியவர்போல் சுற்றிலும் பார்த்தார்.

எனக்கு அந்த மனிதர்மேல் பரிதாபம் உண்டாயிற்று. லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்! மாட்டு வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றினால்கூட அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கும். அதற்கு இத்தனை பெருமையா என்று எண்ணினேன். ராணுவத்தில் இருந்தவருக்கு இயற்பியல் தெரிந்திருக்க நியாயமில்லை என்று மன்னித்தும் விட்டேன்.

பிறகு, சாப்பாட்டு மேசையிலேயே ஒரு சிறு விரிவுரை ஆற்றினேன். சிறிய எஞ்சின் நெடுந்தூரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறது. பெரிய எஞ்சினோ, நகர நெரிசலில் தின்றாலும், திறந்த கிராமச் சாலையில் மேல் கியரில், குறைந்த சுழற்சியில், சிரமமின்றி ஓடுகிறது. நிதானமாக ஓட்டத் தெரிந்தவன் கையில் அது சிறிய எஞ்சினுக்கு நிகரான சிக்கனத்தைக் காட்டும். (இந்தக் கொள்கை முழுக்கச் சரியானது என்பதை இன்றும் எவரிடமும் வாதிடத் தயாராக இருக்கிறேன்.) முடிவில், கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்:

"மச்சான், உங்கள் கையில் ஏழு காட்டிய வண்டி, என் கையில் மூன்றே மாதத்தில் பதினான்கு காட்டும். இரண்டு மடங்கு. இல்லையென்றால் வண்டியை விற்றுவிட்டு வேனிலேயே போகிறேன்."

அந்துவான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"டபுளா? எதுக்கு மச்சான் டபுள் ஆக்கணும்?"

"ஆக்கிக் காட்டுகிறேன் பாருங்கள்."

"அலோர்... அது ஒண்ணும் கஷ்டமில்லியே மச்சான். யாரு வேணும்னாலும் பண்ணலாமே!"

இதை நான் அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டேன். தெரேஸ் மட்டும், "மூணு மாசம். எல்லாரும் கேட்டீங்க இல்ல? எனக்குச் சாட்சி இருக்கு" என்றாள்.

வண்டி வீட்டுக்கு வந்தது. பங்குத்தந்தை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். தெரேஸ் நான்கு அங்குல உயர மாதா சுரூபம் ஒன்றை டாஷ்போர்டில் பசைநாடாவால் ஒட்டினாள். டாஷ்போர்டின் நடுவில், மேற்புறம், சிறு பெட்டிபோல ஒரு மின்திரை இருந்தது. சுரூபம் அதன் வலது ஓரத்தில், சாலையை மறைக்காத இடமாகப் பார்த்து நின்றது. இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நானே.

அந்தத் திரை பிரெஞ்சில் பேசியது. அந்துவான் தம் வசதிக்கு அப்படி அமைத்து வைத்திருந்தார். எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் கலியபெருமாள் முதல்நாளே கேட்டார்:

"சார், இத இங்கிலீசுக்கு மாத்திடவா? ஒண்ணுமே புரியல."

"உமக்குப் புரியவில்லை. நான் பிரெஞ்சு படித்தவன். 'மொயென்' என்றால் சராசரி. இருக்கட்டும்."

"அப்ப சரி சார்" என்றார் அவர். (அவர் அன்று மாற்றியிருந்தால் இக்கட்டுரை இல்லை. என் மரியாதை இருந்திருக்கும்.)

முதல் வாரம் நான் ஓட்டியதுபோல் ஒரு காரை எவரும் ஓட்டியிருக்க முடியாது. காலை ஆறரை மணிக்கு, நெரிசலுக்கு முன்பே புறப்படுவேன். அரியாங்குப்பம் தாண்டியதும் ஐந்தாம் கியர். முட்டையின் மேல் கால் வைப்பதுபோல் ஆக்சிலேட்டரை மிதிப்பேன். ஏ.சி. கிடையாது. பிரேக்கைத் தொடுவதையே பாவமாகக் கருதினேன். கிருமாம்பாக்கம் வேகத்தடை அரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும்போதே காலை எடுத்துவிடுவேன். என் பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர்கள் அந்த வாரத்தில் பயன்படுத்திய சொற்களை நான் எழுத இயலாது.

திங்கட்கிழமை திரை ஒன்பதைக் காட்டியது. செவ்வாய் எட்டரை. புதன் எட்டு. வெள்ளியன்று ஏழு புள்ளி இரண்டு.

நான் குழம்பினேன். நிதானமாக ஓட்ட ஓட்ட எண் இறங்கிக்கொண்டே போயிற்று. மறுவாரம் இன்னும் நிதானமாக ஓட்டினேன். ஒரு சைக்கிள்காரர் என்னை முந்திச் சென்றார். திரை துல்லியமாக ஏழைக் காட்டி நின்றது. அந்துவான் பிரான்சில் உட்கார்ந்து விரலை முத்தமிடுவது என் மனக்கண்ணில் தெரிந்தது.

"என்னாங்க, எவ்ளோ வந்துது?" என்று தெரேஸ் அன்றாடம் கேட்பாள்.

"எஞ்சின் இன்னும் என் கைக்குப் பழகவில்லை" என்பேன்.

மூன்றாம் வாரம் ஒரு நாள் என் வாழ்வு மாறியது. அறுவடைக் காலம். பாகூர் சாலையில் நெல் அறுக்கும் இயந்திரம் ஒன்று சாலையை முழுக்க அடைத்துக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. அதற்கு முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். வைக்கோல் தூசி தாங்காமல் கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்து, ஒரு மணி நேரம் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் நகர்ந்தேன். பள்ளி வாசலில் நிறுத்தித் தயக்கத்தோடு திரையைப் பார்த்தேன்.

பதினொன்று.

முதலில் நம்பவில்லை. மறுநாள் பரிசோதனையாக, வெற்றுச் சாலையிலும் இரண்டாம் கியரிலேயே ஓட்டினேன். எஞ்சின் அலறியது. எண் ஏறியது. ஏ.சி.யைப் போட்டேன். ஏறியது. ஏ.சி.யைப் போட்டுக் கண்ணாடிகளையும் திறந்து வைத்தேன். இன்னும் ஏறியது. டிக்கியில் மூன்று அரிசி மூட்டைகளை ஏற்றினேன். பதினான்கு! டயர்களில் காற்றைக் குறைத்தேன். பதினாறு! நான் படித்த இயற்பியல் முழுவதையும் கைவிட்டு, நள்ளிரவில் அல்ல, பட்டப்பகலில், தெளிந்த மனத்தோடு ஒரு புதிய கொள்கைக்கு வந்து சேர்ந்தேன்: பெரிய எஞ்சின் ஒரு தன்மானமுள்ள பொருள். அதற்குத் தகுந்த வேலை கொடுக்காவிட்டால் அது சோம்பி, எரிபொருளை வீணடிக்கிறது. சுமையைக் கொடு, சிரமத்தைக் கொடு, சிக்கனத்தைத் தரும்.

இதில் எனக்கே சற்று உறுத்திய ஒரு விஷயம் உண்டு. ஒரு நாள் பள்ளி வாசலில் தாளாளரோடு பேசிக்கொண்டிருந்ததில், எஞ்சினை அணைக்காமல் கால் மணி நேரம் விட்டுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால், வண்டி ஓரடிகூட நகராத நிலையில் சராசரி கொஞ்சம் கூடியிருந்தது. நின்ற இடத்திலேயே மைலேஜ் தரும் வாகனம்! இயற்பியல் ஆசிரியன் ஒருவன் அந்தக் கணத்தில் விழித்திருக்க வேண்டும். நான், "பிரெஞ்சுக்காரன் அமைப்பு, நமக்கு எங்கே புரியும்" என்று மகிழ்ந்தேன். அன்றுமுதல் தினமும் கால் மணி நேரம் எஞ்சினை நிறுத்தாமல் விட்டுவைத்தேன்.

எண் பதினெட்டைத் தொட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வளாகத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பது எங்கள் வழக்கம். அங்கே எட்டுப் பேர் கேட்க அறிவித்தேன்: "பதினெட்டு." ஆயிரத்தெண்ணூறு சி.சி.யில் பதினெட்டா என்று வாய் பிளந்தார்கள். இருவர் தங்கள் சின்னக் கார்கள் பதினாறுக்கு மேல் தருவதில்லை என்று ஒப்புக்கொண்டு தலைகுனிந்தார்கள். அந்த ஒரு காலைக்காகவாவது பிறந்தது தகும் என்று அன்று எண்ணினேன்.

செய்தி எங்கள் பள்ளித் தாளாளரின் காதுக்கும் போயிற்று. எரிபொருள் சிக்கனம் குறித்துப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்து, சிறப்புரை நானே ஆற்ற வேண்டும் என்றார். தலைமை தாங்க, உழவர்கரையில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயந்திரவியல் பேராசிரியர் ஒருவர் இசைந்தார். அவரை என் காரிலேயே அழைத்து வருகிறேன் என்று நானாகவே சொன்னேன். அந்த நாள், தெரேசிடம் நான் வாங்கிய மூன்று மாதக் கெடுவின் கடைசி நாள். பதினோரு பக்கம் உரை எழுதினேன்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு குழப்பம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

லிட்டருக்குப் பதினெட்டு என்றால் ஒரு நாள் பயணத்துக்கு மூன்று லிட்டர் போதும். பெட்ரோல் அளவு காட்டும் முள்ளோ தினமும் கீழே விழுந்தது. விழும்போதெல்லாம் பத்து லிட்டர் போட்டேன். தினமும் போட வேண்டியிருந்தது. முதலில் பெட்ரோல் பங்க்கைச் சந்தேகித்தேன். ஐந்து லிட்டர் அளவுக் குடுவையைக் கொண்டுவரச் சொல்லி, வரிசையில் பன்னிரண்டு வண்டிகள் காத்திருக்க, அளந்து காட்டச் சொன்னேன். ஊழியர் ஊற்றினார். பெட்ரோல் கோட்டைத் தொட்டு, ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இல்லாமல் நின்றது.

"நல்லா குனிஞ்சு பாத்துக்குங்க சார். அப்புறம் யாரும் ஏமாத்திட்டாங்கன்னு சொல்லக் கூடாது" என்றார் அவர். பின்னால் ஒருவர், "அத குடிச்சுப் பாக்கச் சொல்லுய்யா" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்துத் திருடன். பெட்ரோல் மூடியின் மேல் முகப் பவுடரைத் தூவி வைத்தேன். மறுநாள் மாலை தெளிவான கைரேகைகள் கிடைத்தன. பூதக்கண்ணாடி வைத்து ஒப்பிட்டேன். என்னுடையவை. (நான்தான் அன்று காலை பெட்ரோல் போட்டிருந்தேன்.)

எஞ்சியது முள். முள்தான் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டிக் கலியபெருமாளிடம் கொண்டுபோனேன். அவர் பின் இருக்கையைத் தூக்கி, தொட்டியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சார், முள்ளு சரியாதான் இருக்குது. டேங்க்ல பெட்ரோல் இல்ல. அதான் இல்லன்னு காட்டுது."

"இருக்கிறது என்று கணக்கு சொல்கிறதே!"

"கணக்கு சொல்லும் சார். கணக்க ஊத்தி வண்டி ஓட்ட முடியுமா?"

அவருடைய படிப்பை மனத்தில் கொண்டு நான் மேலே வாதிடவில்லை. வீட்டுக்கு வந்து காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். கடந்த பன்னிரண்டு பள்ளி நாள்களில் ஊற்றியது நூற்றிருபது லிட்டர். செலவாகியிருக்க வேண்டியது முப்பத்தாறு. ஆகவே தொட்டியில் இப்போது இருப்பது எண்பத்து நான்கு லிட்டர். தொட்டியின் கொள்ளளவு ஐம்பது. இந்த இரண்டு எண்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று இடிக்கிறது என்று தெரிந்தது. ஆனால் ஞாயிறு வளாகத்தில் எட்டுப் பேர் முன்னால் சொன்ன சொல்லைவிடப் பெரிய உண்மை எனக்கு அப்போது இருக்கவில்லை. கூட்ட நாளன்று பெட்ரோல் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். எண்பத்து நான்கு லிட்டர் வைத்திருப்பவன் எதற்காகப் போட வேண்டும்?

அன்று பேராசிரியர் முன் இருக்கையில் அமர்ந்தார். மெலிந்த உருவம், மிக மென்மையான பேச்சு. கெடு முடிவதைக் கண்ணால் காண தெரேஸ் பின் இருக்கையில் அமர்ந்தாள், பட்டுப்புடவையில். டிக்கியில் அரிசி மூட்டைகள். ஏ.சி. முழு வேகத்தில். நான்கு கண்ணாடிகளும் திறந்திருந்தன.

தவளக்குப்பம் வரை பேராசிரியர் பொறுத்தார்.

"சார், செகண்ட் கியர்லயே வர்றீங்களே?"

"ஆம் ஐயா. அதுதான் என் முறை. உரையில் விளக்குகிறேன்."

"கண்ணாடி?"

"அதுவும் முறைதான்."

அவர் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வியப்பில் ஆழ்ந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். சற்று நேரம் கழித்து, "சார், பெட்ரோல் லைட் எரியுதே" என்றார்.

"அதை நம்பாதீர்கள் ஐயா. இந்த வண்டியில் பொய் சொல்லும் ஒரே உறுப்பு அதுதான்."

"அவரு அப்படித்தாங்க" என்றாள் தெரேஸ் பின்னாலிருந்து. யாரைப் பற்றிச் சொன்னாள் என்று தெரியவில்லை.

பாகூர் தாண்டி, இருபுறமும் வயல்கள் விரிந்திருக்கும் இடத்தில், எஞ்சின் இரண்டு முறை விக்கியது. பிறகு, ஒரு நீண்ட பெருமூச்சோடு ஓய்ந்தது. கார் தானாக உருண்டு ஒரு புளியமரத்தடியில் நின்றது. பள்ளி இன்னும் இரண்டு கிலோமீட்டர்.

"காற்று அடைத்துக்கொண்டிருக்கும்" என்றேன். நான்கு முறை சாவியைத் திருகினேன். வயலில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் மட்டும் நிமிர்ந்து பார்த்தன.

"எவ்ளோ மைலேஜ் தருதுன்னு சொன்னீங்க சார்?" என்று பேராசிரியர் கேட்டார்.

"பதினெட்டு. பாருங்கள், திரையே சொல்கிறது. இன்று பதினெட்டரை."

அவர் முன்னால் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு கழுத்தைச் சாய்த்து மாதா சுரூபத்துக்குப் பின்னால் எட்டிப் பார்க்க முயன்றார். முடியவில்லை. பின்னால் திரும்பி மிகுந்த மரியாதையோடு, "அம்மா, இந்தச் சுரூபத்தக் கொஞ்சம் நகர்த்தலாமா? நான் தொடலாமான்னு தெரியல" என்றார்.

"இருங்க, நானே நவுத்துறேன்" என்று தெரேஸ் முன்னால் எட்டி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, மாதாவைப் பசைநாடாவோடு பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பதினெட்டரைக்குப் பக்கத்தில், சிறிய எழுத்தில், மூன்று மாதமாக அங்கே இருந்த ஒன்று தெரிந்தது. ஓர் 'எல்', ஒரு சாய்கோடு, ஒரு நூறு, அதன்பின் கிலோமீட்டர்.

அது அலகு.

"என்னா சார் எழுதியிருக்குது?" என்றாள் தெரேஸ்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணுமில்லம்மா. நாம ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு பாப்போம். பிரான்சுல அத அப்படியே திருப்பிப் போட்டு, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் ஆவுதுன்னு பாப்பாங்க. இது அந்தக் கணக்கு."

"அப்பன்னா?"

"எண்ணு கொறையக் கொறைய நல்லதுங்க."

"ஏறினா?"

பேராசிரியர் கொக்குகளைப் பார்த்தார்.

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனம் தானாகக் கணக்குப் போட்டது. நூறு கிலோமீட்டருக்குப் பதினெட்டரை லிட்டர் என்றால், லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. மாட்டு வண்டி. இரண்டரை மாதம், வெயிலில், அரிசி மூட்டைகளோடு, ஊரே பார்க்க, பெட்ரோலை வீணாக்குவது எப்படி என்று நான் விடாமுயற்சியோடு ஆராய்ந்திருக்கிறேன். அதில் வெற்றியும் கண்டிருக்கிறேன்.

அவ்வழியே நெல் மூட்டைகளோடு வந்த டிராக்டர்க்காரர் இறங்கிப் பார்த்தார். "என்னா சார், பெட்ரோல் இல்லியா? கூட்டத்துக்குத்தானே போறீங்க? பெட்ரோல் மிச்சம் புடிக்கிறதப் பத்தி யாரோ பெரிய ஆளு பேசறாராம். எம் பொண்ணும் அங்கதான் படிக்குது. வாங்க, கயிறு இருக்குது."

இவ்வாறாக, 'எரிபொருள் சிக்கனம்' என்று எழுதிய பதாகைக்குக் கீழே, டிராக்டருக்குப் பின்னால், கயிற்றில் கட்டுண்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தபடி நான் பள்ளி வளாகத்துக்குள் நுழைந்தேன். மாணவர்கள் வரிசையில் நின்று கை தட்டினார்கள். வேனிலிருந்து குனிந்து இறங்குவது எவ்வளவு கௌரவமான செயல் என்பது அப்போது விளங்கியது.

தாளாளர் ஓடிவந்தார். "என்ன சார் இது? டிராக்டர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் இறங்கி, மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டே சொன்னார்: "கடைசி ரெண்டு கிலோமீட்டர் ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லாம கூட்டிட்டு வந்துட்டாருங்க. இதவிட சிக்கனம் வேற என்ன இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். செயல்முறை விளக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த நல்ல மனிதருக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் மேடை இருந்தது. பதினோரு பக்கம் இருந்தது. அதில் ஒவ்வொரு பக்கமும் தவறு. உண்மையைச் சொன்னால் மறுநாள் எந்த மாணவனின் விடைத்தாளில் அலகுக்காக மதிப்பெண் குறைப்பேன்? எழுதியபடி வாசித்தாலோ, இருநூறு குடும்பங்கள் அரிசி மூட்டையோடு ஊர்சுற்றும். பேராசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் தெரேஸ், மடியில் மாதாவோடு.

நான் காகிதத்தைப் பிரித்தேன். வாசிக்கும்போதே ஒவ்வொரு வாக்கியத்தையும் தலைகீழாக்கினேன். "வண்டியில் சுமையை ஏற்றுங்கள்" என்று இருந்தது. "ஏற்றாதீர்கள்" என்றேன். "கீழ்க் கியரிலேயே செல்லுங்கள்." "செல்லாதீர்கள்." "நிற்கும்போது எஞ்சினை அணைக்காதீர்கள்." "அணையுங்கள்." டயரில் காற்றைக் குறைக்கச் சொல்லும் பக்கத்தை, நிரப்பச் சொல்லும் பக்கமாக்கினேன். நாற்பது நிமிடம் வியர்வை வழிய வழிய, நான் எழுதியதை நானே வரிக்கு வரி மறுத்தேன். கடைசிப் பக்கத்தின் கடைசி வரி, "எரிபொருள் முள்ளை ஒருபோதும் நம்பாதீர்கள்" என்பது. "ஒருபோதும்..." என்று வாசித்துவிட்டேன். அதன் பிறகுதான் வாக்கியம் எங்கே போகிறது என்று தெரிந்தது. நெடுநேரம் நின்று, "ஒருபோதும் அவநம்பிக்கை கொள்ளாதீர்கள், முள்ளின்மேல்" என்று முடித்தேன். குரல் உடைந்தது. நெகிழ்ந்து பேசினார் என்று பெற்றோர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். என் வாழ்வில் நான் ஆற்றிய சிறந்த உரை அதுதான் என்று தாளாளர் இன்றும் சொல்கிறார்.

பேராசிரியரைத் தாளாளர் தம் வண்டியில் அழைத்துச் சென்றார்; நானும் தெரேசும் வீடு திரும்பினோம். (டிராக்டர்க்காரர் ஒரு கேனில் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றியிருந்தார்.) ஐந்தாம் கியரில், ஏ.சி. இல்லாமல், முட்டையின் மேல் கால் வைப்பதுபோல் ஓட்டினேன். அரியாங்குப்பம் பாலம் வந்ததும் அவள் கேட்டாள்:

"மொதல் ரெண்டு வாரம் நெதானமா ஓட்டினீங்களே, அப்ப எவ்ளோ காட்டிச்சு?"

"ஏழு."

"நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர். அப்ப லிட்டருக்கு எவ்ளோ ஆவுது?"

நூற்றை ஏழால் வகுத்தேன். பாலத்தின் மேலேயே வண்டியை நிறுத்திவிடலாமா என்று தோன்றியது.

"பதினான்கு" என்றேன். "கொஞ்சம் கூடுதலாகவே."

நான் ஆக்கிக் காட்டுவதாகச் சூளுரைத்த பதினான்கு, அந்துவான் சொன்ன ஏழுதான். அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. என் கையிலும் இரண்டாம் வாரமே இருந்தது. என் கொள்கை சரியாக இருந்திருக்கிறது. வண்டி சரியாக இருந்திருக்கிறது. முள், பங்க், குடுவை, கலியபெருமாள் எல்லாமே சரியாக இருந்திருக்கின்றன.

வண்டி விற்கப்படவில்லை. தெரேசின் தீர்ப்பு இது: "ரெண்டு மடங்கு ஆக்குறேன்னு சொன்னீங்க. ரெண்டு மடங்குக்கு மேலயே ஆக்கிட்டீங்க. சொன்ன சொல்லுக்கு மனுசன் நின்னுட்டாரு. வண்டி இருக்கட்டும்." அந்துவானுக்கு அன்றே செய்தி போயிற்று. வீடியோ அழைப்பில் அவர் முகம் திரை முழுவதும் நிறைந்தது.

"மச்சான்! பதினெட்டரையா! நான்தான் சொன்னனே, யாரு வேணும்னாலும் பண்ணலாம்னு! ஆனா இவ்ளோ தூரம் யாராலயும் முடியாது மச்சான். ப்ராவோ!"

நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாதா இப்போது திரையின் இடது ஓரத்தில் நிற்கிறார். ஒட்டியவன் நான். விடைத்தாளில் அலகு எழுதாதவர்களுக்கு இப்போதும் அரை மதிப்பெண் குறைக்கச் சொல்கிறேன், ஆனால் வாழைக்காயைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டில் மட்டும் எனக்கு விடுதலை இல்லை. மழை வராது என்று சொன்னாலும், மருமகன் தேடிய வீட்டுக்குக் குறை சொன்னாலும், தேர்தலில் இன்னார் வெல்வார் என்று உறுதிபடக் கூறினாலும், யாராவது ஒருவர் சமையலறையிலிருந்தோ கூடத்திலிருந்தோ அதே கேள்வியைக் கேட்கிறார்கள்: "மாதாவ நவுத்திப் பாத்தீங்களா?" கலியபெருமாளும் கேட்கிறார். சென்ற மாதம் பங்குத்தந்தையே கேட்டார், அதுவும் பூசைக்கு முன்னால்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும், காகிதங்களை அடுக்கிக்கொண்டு தெரேசிடம் சொன்னேன்: "உண்மையை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். இதைப் படித்தால் என்மேல் ஊரார் வைத்திருக்கும் மதிப்பு நிச்சயம் ஏறும்."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏறினா நல்லதா, எறங்கினா நல்லதா? மொதல்ல அதப் பாருங்க."